நாலு பேருக்கு மேல் அனுமதி இல்லை

அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: என் முதலாளி, அச்சாபீஸ் அண்ணாச்சி, குளோரேட் அண்ணாச்சி, நோட்டு எழுதுவதற்கு நான். வராதவர் ஒருவர்தான். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் கையால் தீப்பெட்டி செய்கிற சின்ன ஆபீஸ் வைத்திருந்தவர். ஊர் முறையில் எனக்கு மாமா. அவர் பெயருக்கு எதிரே, ‘சர்டிபிகேட் விஷயமாக மலைக்குப் போயிருக்கிறார்’ என்று எழுதினேன்.

எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். தீப்பெட்டியோடு லேபிளும் அச்சடித்தவர் அச்சாபீஸ் அண்ணாச்சி, குச்சி மருந்துக்கு வேண்டிய குளோரேட் உப்பும் விற்றவர் குளோரேட் அண்ணாச்சி. இந்த நாலு பேரும் சேர்ந்து வெளிநாட்டு ஆர்டர் எடுத்து, நாலு ஆபீசிலும் பிரித்துச் செய்து, தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றிவிடுவார்கள். எழுத்தில் ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. வழக்கம் ஒன்று மட்டும் உண்டு. ஆர்டர் பேசி முடிகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வருஷம் பங்கு. இருந்தவனுக்குப் பங்கு, அவ்வளவுதான். காய்ச்சல், கல்யாணம், சாவு என்று எதையும் கேட்கமாட்டார்கள். குளோரேட் அண்ணாச்சி தன் தகப்பனார் பாடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. அதனால்தான் எந்தக் கூட்டம் என்றாலும் நோட்டில் முதலில் வந்தவர், வராதவர் பெயர். எழுதுகிற வேலை எனக்கு வந்தது நான் பி.காம். படித்திருந்ததால். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அய்யா ஆடு மேய்த்தார், அவருக்கு அய்யாவும் ஆடு மேய்த்தார்.

இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் நடந்தது இது. அப்போது எங்கள் தீப்பெட்டியை வாங்கி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் துபாயில் இருந்த வடநாட்டுக்காரர் ஒருவர். கோல்ஃப் பைத்தியம். ஒருமுறை கோவில்பட்டிக்கு வந்தவர் மெஷினைப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார், கடலைமிட்டாய் தின்றார், கடைசியில் என் முதலாளியிடம், பேச்சையெல்லாம் மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம், வெயில் ஏறுவதற்குள் நாலு பேரும் வாருங்கள், மூன்று நாள், மூன்று விதமான மைதானம், அங்கே வைத்து வருஷத்து ஆர்டரை முடித்துவிடுவோம் என்றார். அவர் சொன்னதை மொழிபெயர்த்தது நான். முதலாளிக்குக் கோல்ஃப் என்றால் என்ன என்று தெரியாது. அச்சாபீஸ் அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது டிவியில் பார்த்திருக்கிறார். குளோரேட் அண்ணாச்சி அது குதிரையில் ஏறி ஆடுகிற ஆட்டம் என்று சாதித்தார்.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது.

அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பஞ்சம் பிழைக்க மலைக்குப் போன குடும்பம். அங்கே வெள்ளைக்காரன் காலத்துக் கோல்ஃப் கிளப் ஒன்றில் பத்து வயசில் மட்டைப் பை தூக்கப் போனார். வாரத்தில் ஒருநாள் கிளப்புக்கு லீவு. அன்று பை தூக்குகிறவர்கள் ஆடிக்கொள்ளலாம். எட்டு வருஷம் அப்படி ஆடியிருக்கிறார். பிறகு கீழே வந்து, தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற வேலையில் சேர்ந்து, மேஸ்திரியாகி, சொந்தத்தில் ஒரு கூரை போட்டு ஆபீஸ் ஆரம்பித்தார். மற்ற மூன்று பேரும் தலைமுறை வியாபாரிகள். ஒரே ரகத்து ஆட்கள், ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பெண் எடுத்தவர்கள். மாமாவைக் கூட்டில் சேர்த்தது அவர் செய்கிற குச்சி நமத்துப்போகாது என்பதற்காக. முன்னால் அண்ணாச்சி என்பார்கள். பின்னால் கெடாக்காரன், ஆடு மேய்த்த குடும்பம் என்பதற்காக.

என்னை அந்த ஆபீசில் சேர்த்துவிட்டவர் அவர்தான். ஊரில் மாமா என்று கூப்பிடுவேன். ஆபீசில் அண்ணாச்சி என்று கூப்பிடச் சொல்லியிருந்தார். நம்ம ரெண்டு பேரும் ஒரே காட்டு ஆளுன்னு இவியளுக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்லா மருமவனே என்றார்.

அந்த வருஷம் அவருடைய நிலைமை எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் வியாபாரம் முழுக்க மெஷின் தீப்பெட்டிக்குப் போய்விட்டது. கைத்தீப்பெட்டிக்கு மிச்சமிருந்த ஒரே வாசல் ஆப்பிரிக்கா ஆர்டர். நாலில் ஒரு பங்கு கிடைத்தால் அவர் ஆபீஸ் ஓடும், இல்லையென்றால் தீபாவளி தாண்டாது. அதை அவரே கூட்டத்தில் சொல்லியிருந்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

மாசி முதல் அவர் மூன்று பேருக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். வற்றிய கண்மாய்தான் மைதானம். மலைக் கிளப்பில் கழித்துப்போட்ட மட்டைகளை யாரிடமோ சொல்லி வாங்கிவந்திருந்தார். கோடையில் கரிசல் விரல் நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். பந்து உருண்டு போய் வெடிப்பில் விழுந்தால் கதை முடிந்தது. அடுத்த மழைக்கு மண் மூடிக்கொள்ளும். அந்தக் கண்மாய் வயிற்றுக்குள் இன்றைக்கும் நூறு பந்தாவது கிடக்கும். கையளவு தேங்காய்நார் மிதியடி ஒன்றைப் போட்டு அதன்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார். என் முதலாளி உலக்கை பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிப்பார். மாமா அவர் கையைத் தொட்டுத் திருத்தமாட்டார். எதிரே நின்று தன் கையை வைத்துக் காட்டுவார், இவர் பார்த்துச் செய்ய வேண்டும்.

“ஆடு பத்துத கம்பும் இதுவும் ஒரே நீளம்தாம்வே, அதான் அவருக்குக் கை வசமா இருக்கு” என்பார் அச்சாபீஸ் அண்ணாச்சி. மாமாவும் சேர்ந்து சிரிப்பார். “கம்புன்னா ஆடு ஓடும் அண்ணாச்சி. இதுல நாமதான் ஓடணும்” என்பார்.

துபாய் விவரங்களைத் தேடுவது என் வேலையாக இருந்தது. மெயின் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு முப்பது ரூபாய். ஒரு பக்கம் திறப்பதற்குள் கடைக்காரர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அங்கே உட்கார்ந்து நான் கண்டுபிடித்த முதல் சங்கதி, அங்குள்ள மைதானங்களில் சும்மா போய் ஆட முடியாது என்பது. ஆடத் தெரியும் என்பதற்கு ஏதாவது ஒரு கிளப்பின் சர்டிபிகேட் வேண்டும். மைதானத்துக்குக் கணக்கு வைத்திருக்கிற அடிகளைவிட இந்த ஆள் எத்தனை அடி கூடுதலாக அடிப்பான் என்று ஒரு எண் அதில் இருக்கும். அந்த எண் இருபத்தெட்டுக்கு மேலே போனால் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் முதலாளிமாரை உண்மையாக ஆடவிட்டு எண்ணியிருந்தால் நூறைத் தாண்டியிருக்கும்.

மாமா யோசிக்கவே இல்லை. தன்னோடு பை தூக்கிய ஒருவர் இப்போது அந்த மலைக் கிளப்பில் கிளார்க்காக இருக்கிறார், நான் பார்த்துக்கிடுதேன் என்று மஞ்சள் பையோடு கிளம்பிவிட்டார். நாலு நாள் தங்கி, ஒரு நாளைக்கு ஒருத்தர் பெயரில் ஆடி, அவர் பெயரிலேயே அடிக்கணக்குக் கார்டு எழுதிக் கொடுத்து, சர்டிபிகேட் வாங்கிவருவது என்று ஏற்பாடு.

அவர் மலையில் முதலாளி பெயரில் ஆடிக்கொண்டிருந்த நாளில்தான் நான் முதலில் சொன்ன கூட்டம் நடந்தது.

நான் மூன்று மைதானங்களின் விவரத்தையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். வரிவரியாக வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். காலர் வைத்த சட்டை போட வேண்டும் என்றேன். ஷூவில் ஆணி இருக்கக் கூடாது என்றேன். அதற்கடுத்து, ஒரு கூட்டமாக ஆடப் போகிறவர்கள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வாசித்தேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துபாய்க்காரர் ஒருத்தர், நாங்கள் நாலு பேர், ஆக அஞ்சு என்று விரல் மடக்கினார்.

“அப்பம் ஒராளு கூடுதல்” என்றார் குளோரேட் அண்ணாச்சி.

“யாரு கூடுதல்னு சீட்டா குலுக்கப் போறோம்” என்றார் அச்சாபீஸ் அண்ணாச்சி. மூன்று பேரும் சிரித்தார்கள். யாரும் பெயரைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பிலேயே முடிந்துவிட்டது. நாலாகப் போகிற பங்கு மூன்றாகும் என்பதையும் யாரும் வாயால் சொல்லவில்லை. எழுதுகிறவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான், அதனாலாக இருக்கும்.

முதலாளி என் பக்கம் திரும்பி, இதை நோட்டில் ஏற்ற வேண்டாம் என்றார். பிளான் எல்லாம் முடிகிறவரை கெடாக்காரன் காதில் விழக் கூடாது, ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார். பிறகு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டே, டிராவல்ஸில் நாலு டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, ஒன்றைக் கேன்சல் பண்ணினால் துட்டுப் பிடிப்பான் என்றார்.

“அங்கன இங்கிலீசு பேச ஆளு வேணும்லா. ஏலே, நீ வாரியா?”

வாரேன் என்றேன். யோசிக்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். ரயிலில் மதுரைக்கு வடக்கே போகாதவன் நான்.

சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நாலு பேர் என்ற வரிக்கு அடுத்த வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. ஐந்து பேர் வந்தால் இரண்டு பேராகவும் மூன்று பேராகவும் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் அனுப்பப்படும் என்று போட்டிருந்தது. எளிமையான இங்கிலீஷ். ஐந்தாம் கிளாஸ் பிள்ளைக்குப் புரியும். “அடுத்து என்ன போட்டிருக்கான்” என்று முதலாளி கேட்டார். அடுத்து செல்போனை அணைத்துவைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது என்றேன். அதற்கடுத்த வரி அதுதான்.

மாமா மலையிலிருந்து திரும்பியதும் நேரே ஆபீசுக்கு வந்தார். முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது. நாலு சர்டிபிகேட்டையும் மேசைமேல் விசிறி மாதிரி பரப்பினார். முதலாளிக்கு இருபத்தேழு, மற்ற இரண்டு பேருக்கும் இருபத்தாறு. “மோசமா ஆடுததுதான் மருமவனே ரொம்பக் கஷ்டம். ஓங்கி அடிக்கணும்னு கை துடிக்கி, அண்ணாச்சி மாதிரி ஆடணும்னு புத்தி சொல்லுது” என்று என்னிடம் மெல்லச் சொல்லிச் சிரித்தார். நாலாவது நாள் தன் பெயரில் ஆடியிருக்கிறார். நாற்பது வருஷம் கழித்துப் புல்லில் நிற்கிறார். அவர் சர்டிபிகேட்டில் ஒன்பது என்று இருந்தது. முதலாளி மற்ற மூன்றை எடுத்துப் பைலில் வைத்துவிட்டு அதை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டார். மாமா அதையும் எடுத்துப் பைலுக்குள் சொருகினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார். நான் வாசித்துச் சொல்ல, அவர் அச்சாபீசில் வீணாய்ப்போன லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைவார். ஒன்று கடலை ஒட்டிய மைதானம். ஒன்று ஊருக்கு நடுவே, ஏழெட்டுக் குளம் வெட்டி வைத்தது. மூன்றாவது முழுக்க மணல். புல்லே கிடையாது, குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலை உருளை போட்டுச் சமப்படுத்தியிருப்பார்கள். பந்துக்கு அடியில் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு சின்னப் பாய் கொடுப்பார்கள் என்று நான் வாசித்ததும் மாமா தொடையில் தட்டினார்.

“நம்ம தேங்கா நாரு மிதியடி. ஏ மருமவனே, இவனுவ நம்ம கண்மாய்க்கு வந்து பாத்துட்டுப் போயிருக்கானுவ.”

எந்த நாள் எந்த மைதானம் என்று முறைப்படுத்தியது அவர்தான். மணல் மைதானம் முதல் நாள் இருக்கட்டும், நம்ம ஆட்களுக்குப் பழகின தரை, கொஞ்சம் தைரியம் வரும் என்றார். இரண்டாம் நாள் குளம். அங்கே ஆளுக்குப் பத்துப் பந்தாவது தண்ணீருக்குள் போகும், போகட்டும், துபாய்க்காரர் சிரித்துச் சந்தோஷமாக இருப்பார் என்றார். கடைசி நாள் கடல் காற்று. காற்றில் யாருமே ஆட முடியாது, எல்லோரும் ஒரே மாதிரி மோசமாக ஆடுவார்கள், அன்றைக்கு ஆர்டரைப் பேசலாம் என்றார். இவ்வளவும் யோசித்திருந்தார். புல்லில் அடிக்கும்போது மட்டை தரையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும், கரிசலில் பழகின கை பயந்து மேலேயே போகும், அதைத் தினமும் ஞாபகப்படுத்து என்று எனக்குச் சொன்னார். உடனே, நான்தான் கூட இருப்பேனே, நானே சொல்லிக்கிடுதேன் என்று அதைத் தாளில் எழுதாமல் விட்டார்.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் பாஸ்போர்ட் போட்டோவைக் காட்டி, ரொம்ப முறைச்ச மாதிரி இருக்கோ என்று கேட்டார். என் பாஸ்போர்ட் போட்டோ அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. நல்லாத்தான் இருக்கு மாமா என்றேன். இன்னொரு நாள் புதியம்புத்தூருக்குப் போய் அங்கே தையல் கம்பெனி வைத்திருக்கிற தெரிந்தவரிடம் காலர் வைத்த பனியன் சட்டை மூன்று தைத்து வாங்கிவந்தார். மைதானத்துக்கு ஒன்று. மணலுக்கு மஞ்சள், குளத்துக்கு நீலம், கடலுக்கு வெள்ளை. அத்தை கிண்டல் பண்ணுகிறாள், அறுபது வயசில் பொண்ணு பார்க்கப் போறீரோ என்கிறாள் என்றார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சொல்லியிருக்கலாம். தினமும் சொல்ல ஒரு மணி நேரம் இருந்தது. அடுத்த வரியை அவர் முதலாளியிடமே எடுத்துச் சொல்லியிருப்பார், அவர்களும் வெட்கத்துக்காகவாவது ஒத்துக்கொண்டிருப்பார்கள். அஞ்சு பேர் ஆடியிருப்பார்கள், நான் போயிருக்கமாட்டேன். என் அய்யாவிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டேன், அவர் அதை ஆட்டுக் கிடையில் இருந்த எல்லோரிடமும் காட்டிவிட்டார் என்பதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள்.

கிளம்புவதற்கு எட்டு நாள் இருக்கும்போது கூட்டம் போட்டார்கள். அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டதா என்று முதலாளி கேட்க, மாமா லேபிள் தாள்களை எடுத்து மூன்று மைதானத்தையும் விளக்கினார். எங்கே இடது பக்கம் தண்ணீர், எங்கே காற்று எதிர்முகம் என்று அரைமணி நேரம் சொன்னார். மூன்று பேரும் கவனமாகக் கேட்டார்கள். குளோரேட் அண்ணாச்சி சந்தேகம்கூடக் கேட்டார். விளக்கி முடித்ததும் தாள்களை முதலாளி வாங்கி மடித்து என்னிடம் கொடுத்தார். பத்திரமா வை என்றார். பிறகு, அந்தச் சட்டத்தை அண்ணாச்சிக்கு வாசிச்சுக் காட்டு என்றார்.

நான் இங்கிலீஷில் வாசித்தேன். தமிழில் சொன்னேன். நாலு பேருக்கு மேல் அனுமதி இல்லை. வாசித்த தாளில் அடுத்த வரி என் பெருவிரலுக்கு அடியில் இருந்தது.

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. துபாய்க்காரரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டார். சேர்த்து என்றேன். அவர் ஒவ்வொருத்தராக முகத்தைப் பார்த்தார். அச்சாபீஸ் அண்ணாச்சி மேசைமேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஆட வேண்டாம்” என்றார் மாமா. “பை தூக்கிட்டுக் கூட வாரேன். எனக்குப் பழக்கம்தான. பேசும்போது ஓரமா அங்கன நின்னுக்கிடுதேன்.”

யாராவது ஒருத்தர் தலையைக் குனிந்திருந்தால் இதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். முதலாளி வெற்றிலையை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“அங்க பை தூக்க மோட்டார் வண்டி உண்டும் அண்ணாச்சி. ஆளு தேவையில்ல.”

“டிக்கெட்டு நாலு போட்டிருக்குன்னு சொன்னீய.”

“பேப்பரு பாக்க இவன் வாரான்.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். எல்லோர் முன்னாலும் முதல்முறையாக முறைசொல்லிக் கூப்பிட்டார்.

“போய்ட்டு வா மருமவனே. உங்க அய்யா ஆட்டுக்குப் பின்னால போனத தவிர எங்க போயிருக்காரு.”

பிறகு கதவுப் பக்கம் போனவர் திரும்பி, என்னுடைய அளவும் உன்னுடையதும் ஒன்றுதானே, அந்த மூன்று சட்டையையும் கொடுத்துவிடுகிறேன் என்றார். மறுநாள் பஸ்ஸில் யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தார். தேய்த்து மடித்திருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன். போட்டுக்கொண்டும் போனேன், ஏனென்றால் எனக்குக் காலர் வைத்த பனியன் சட்டை வேறு இல்லை.

துபாய் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. திருவனந்தபுரம் போய் ஏறினோம். முதல் நாள் மணல் மைதானத்தில் மாமா சொன்னபடியே எங்கள் ஆட்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அவர் சொன்னபடியே பந்தெல்லாம் குளத்துக்குள் போனது, துபாய்க்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். புல்லை வெட்ட வேண்டும் என்று ஞாபகப்படுத்த நான் மறந்துபோனேன். மட்டை பந்தின் உச்சியைத் தட்ட, பந்து ஓணான் மாதிரி தரையோடு ஓடியது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று கூட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிடத்துக்கு ஒரு கூட்டம். என் முதலாளியும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னை ஏலே என்று கூப்பிடவில்லை, தம்பி என்று கூப்பிட்டார். அந்த மரியாதை எதற்கு என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாள் கடற்கரை மைதானத்தில், காற்று தொப்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, துபாய்க்காரர் மட்டையை ஊன்றி நின்று, நீங்கள் எழுதிய கடிதத்தில் நாலு பெயர் இருந்ததே, அந்த நாலாவது ஆள் எங்கே, அவர் குச்சிதானே மழைக்காலத்திலும் பற்றுகிறது என்று கேட்டார். நான் முதலாளிக்குத் தமிழில் சொன்னேன்.

“அவருக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாதுன்னு சொல்லு தம்பி.”

நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்த இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. மாமாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று சொன்னேன். துபாய்க்காரர் பாவம் என்றார், வண்டியில் ஏறி உட்கார்ந்தார், ஆர்டரைப் பேசினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று பேருக்கு மூன்று பங்கு.

அதன்பிறகு நடந்தது எல்லாம் வழக்கப்படி நடந்தது. மாமா பங்கு கேட்டு வரவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. அவர் ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேரை ஆடி மாதமே என் முதலாளியின் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. மீதிப்பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை, பிறகு ஒரு நாள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அத்தை பூட்டைப் போட்டாளாம். அவர் தன் கையால் பூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஐப்பசி மழை விட்ட ஒருநாள் முற்பகலில் அவர் ஆபீசுக்கு வந்தார். முதலாளி சிவகாசிக்குப் போயிருந்தார். செருப்பில் அப்பியிருந்த கரிசலை வாசல்படியில் வெகுநேரம் தேய்த்து எடுத்துவிட்டு உள்ளே வந்தார். கூட்டிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், நீயே எழுது என்றார். எழுதினேன். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரில் இருந்த லேபிள் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருமவனே, அன்னைக்கு ஒரு பேப்பரு வாசிச்சியே. அதுல அதுக்கப்புறம் வேற ஒண்ணும் எழுதலையா?”

அவருக்கு மலையில் எட்டு வருஷப் பழக்கம். ஐந்து பேர் வந்தால் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. அன்றைக்கே தெரிந்திருக்கும். ஊருக்கு ஊர் சட்டம் வேறாக இருக்கலாம் என்று ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஏழு மாதம் தனக்குள் என் பக்கமே பேசிக்கொண்டிருந்திருக்கிறார். படித்தவன் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

“இல்ல மாமா” என்றேன்.

“அப்பம் சரி.”

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அந்தப் பயணத்துக்குத் தான் ஒரு லட்சம் எடுத்துவைத்திருந்ததாகச் சொன்னார். அத்தைக்குத் தெரியாதாம். ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகியிருந்தால் எப்படியும் தன்னால் வந்திருக்க முடியாது, அப்படி ஆகியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறிவிடும் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், கேலிபோல.

“மூணு பேருக்கும் சேத்து மொத்தம் எம்புட்டு ஆச்சு?”

நாலு லட்சம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதும், யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அவரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன், இன்னொன்று சொல்வது கஷ்டமும் இல்லை. ஆனால் பைலை எடுத்தேன், கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன், என் டிக்கெட்டும் சேர்த்து நாலு பேருக்கும் கூட்டி என் கையால் அடிக்கோடு போட்டிருந்ததை அப்படியே வாசித்தேன்: இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்து நானூறு ரூபாய்.